சர்க்கரை வரும் முன்பே நடப்போம்: பெண்களுக்கான உடற்பயிற்சிப் பாடம்



நமது அறக்கட்டளைக்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களைப் பல வருடங்களாக நான்தான் முதலில் பிரித்துப் படிக்கிறேன். ஒரு காலத்தில் விபத்து, சிசேரியன் செலவு, கண் புரை என்று வரும். இப்போது டயாலிசிஸ், காலில் ஆறாத புண், இதய அடைப்பு என்று வருகின்றன. மனுவோடு இணைத்திருக்கும் டிஸ்சார்ஜ் காகிதத்தைப் புரட்டினால், எங்காவது ஓர் ஓரத்தில் சர்க்கரை நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்று எழுதியிருக்கும். மனுதாரர்களில் பெண்கள் அதிகம். நாற்பதுகளிலேயே இருப்பவர்களும் உண்டு. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒரு சகோதரிக்கு நம்மால் சில மாதங்கள் கை கொடுக்க முடிகிறது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் என்ன செய்யும் என்ற கேள்விக்கு எங்கள் கமிட்டியில் யாரிடமும் பதில் இல்லை.

சர்க்கரை நோய் ஒரே நாளில் வருவதில்லை. பல வருடங்களுக்கு முன்பிருந்தே உடம்பு அடையாளம் காட்டத் தொடங்கிவிடுகிறது. அந்தக் கட்டத்துக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் இன்சுலின் எதிர்ப்பு. அதை மாற்றும் வழிகளில் முக்கியமானது உடற்பயிற்சி. சென்ற மாத மருத்துவ முகாமில் நம் ஊர்ப் பெண்களுக்கு ஒரு பெண் மருத்துவர் இதை விளக்கிச் சொன்னார். வர முடியாதவர்கள் நிறையப் பேர் கேட்டதால், அவர் சொன்னதையும் நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பெண்களின் உடல் பற்றி ஓர் ஆண் எழுதுவது சிலருக்குச் சங்கடமாக இருக்கலாம். அச்சுக்குப் போகும் முன் அந்த மருத்துவரிடம் காட்டித் திருத்தி வாங்கியிருக்கிறேன்.

நாம் சாப்பிடும் சோறு, இடியாப்பம், ரொட்டி எல்லாம் குளுக்கோஸாகி ரத்தத்தில் கலக்கிறது. வயிற்றுக்குப் பின்னால் இருக்கும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலினை விருந்தாளியைக் கூட்டிவரும் ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் என்ற விருந்தாளியோடு வந்து தசையின் வாசல் கதவைத் தட்டுகிறார். உள்ளே இருப்பவர்கள் கேட்டுத் திறக்க வேண்டும். இன்சுலின் எதிர்ப்பு வந்துவிட்டால் தட்டுவது உள்ளே சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் ஆளை அனுப்புகிறது, இன்னும் பலமாகத் தட்ட வைக்கிறது. அதனால் கதவு எப்படியோ திறக்கிறது. ரத்தப் பரிசோதனையிலும் சர்க்கரை சரியாக இருப்பதாகவே வருகிறது. நாமும் நிம்மதியாக இருக்கிறோம். இப்படிப் பல வருடம் ஓடும். ஒரு கட்டத்தில் கணையம் களைத்துப் போகிறது. அன்றைக்குத்தான் ரிப்போர்ட்டில் சர்க்கரை ஏறுகிறது.

உடற்பயிற்சி எங்கே வருகிறது? தசை வீட்டுக்குக் கொல்லைக் கதவு ஒன்றும் இருக்கிறது. தசை வேலை செய்யும்போது, அதாவது நடக்கும்போது, படியேறும்போது, பாரம் தூக்கும்போது, இன்சுலின் வந்து தட்டாமலேயே அந்தக் கதவு திறந்துகொள்கிறது. குளுக்கோஸ் நேராக உள்ளே போகிறது. குளுக்கோஸை ஏற்றிச் செல்லும் க்ளூட்-4 என்ற புரதம் தசைச் செல்லுக்குள் ஒதுங்கிக் கிடக்கும். அதை மேற்பரப்புக்குக் கொண்டுவர இன்சுலினாலும் முடியும், தசையின் அசைவாலும் முடியும். இன்னொரு நன்மையும் உண்டு. பயிற்சி முடிந்த பிறகு ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை, வாசல் கதவைத் தட்டுவதும் நன்றாகக் கேட்கத் தொடங்குகிறது. அந்தப் பலன் அதற்குமேல் தங்குவதில்லை. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக்கூடாது என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். வாரத்தில் ஆறு நாள் உட்கார்ந்திருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பவருக்கு அந்தப் பலன் வாரம் முழுக்கத் தங்காது.

யாருக்கெல்லாம் இன்சுலின் எதிர்ப்பு இருக்கக்கூடும்? இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டிய பெண்கள் கவனமாக இருக்க வேண்டும். தையல் டேப்பை எடுத்து இன்றே அளந்து பாருங்கள். பிடரியிலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுத்திருப்பது இன்னொரு அடையாளம். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று கடலை மாவும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பிள்ளையின் கழுத்தைப் புண்ணாக்கிய தாய்மார்கள் உண்டு. அது அழுக்கு இல்லை, தேய்த்துப் போகாது. ரத்தத்தில் இன்சுலின் அளவு அதிகமாக இருப்பதைத் தோல் காட்டுகிறது. பெரும்பாலும் இதுதான் காரணம். மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறவர்கள், சினைப்பையில் நீர்க்கட்டி என்று ஸ்கேனில் சொல்லப்பட்டவர்கள், கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து பிரசவத்துக்குப் பின் போய்விட்டது என்று மறந்துவிட்டவர்கள், தாய் தந்தைக்குச் சர்க்கரை உள்ளவர்கள் ஆகியோரும் இந்த வரிசையில் வருவார்கள். சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை 100 முதல் 125 வரை, அல்லது மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அதைச் சர்க்கரைக்கு முந்தைய நிலை என்கிறார்கள். 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோயும், 13.6 கோடிப் பேருக்கு முந்தைய நிலையும் இருப்பதாகக் கணக்கிட்டது. அந்த 13.6 கோடியில் நம் தெருவும் சேர்த்திதான்.

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்தப் பாடத்தை எழுதினால் எனக்கே உறுத்தும்.

என் ராத்தாவுக்கு நாற்பத்திரண்டு வயதில் சாப்பாட்டுக்கு முன் 112 வந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், தினமும் அரை மணி நேரம் வேகமாக நடங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். மச்சான் அப்போது சவூதியில். ராத்தா என்னிடம் வந்து, “தம்பி, சுபுஹு தொழுதுட்டு ஸ்டேஷன் ரோடு வரைக்கும் நடந்துட்டு வரட்டுமா? பக்கத்து வீட்டு மாமியும் கூட வர்றாங்க” என்று கேட்டார். நான் என்ன சொன்னேன்? “தெருவுல பாக்குறவங்க ஏதாவது சொல்வாங்க ராத்தா. வீட்டுக்குள்ளயே தலைக்கு மேல வேலை கிடக்கே, அது போதாதா?” என்றேன். மதரஸாவில் ஓதியவன், கல்லூரியில் படித்தவன். இரண்டு இடத்திலும் எனக்கு இப்படிப் பேசச் சொல்லித் தரவில்லை. ராத்தா மறு பேச்சுப் பேசவில்லை. ஆறு வருடத்தில் சர்க்கரை வந்தது. அதற்குப் பின் சில வருடங்களில் வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரவில், “அப்பவே நடந்திருக்கலாம் தம்பி” என்று ஒரு முறை மட்டும் சொன்னார். நடந்திருந்தால் வந்தே இருக்காது என்று யாரும் உறுதி கூற முடியாது. ஆனால் வாய்ப்புக் குறைந்திருக்கும். அந்த வாய்ப்பின் குறுக்கே நின்றவன் நான்.

வாய்ப்புக் குறையும் என்பதை வெறும் வாய் வார்த்தையாகச் சொல்லவில்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரைக்கு முந்தைய நிலையில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவைச் சரிசெய்து, தினமும் அரை மணி நேரம் வேகமாக நடந்தவர்களில் 39.3 சதவீதம் பேருக்கு வந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் ஏறத்தாழ இதே அளவுதான். நடந்தவர்களுக்கு உடல் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதுதான் அந்த ஆய்வில் என்னைக் கவர்ந்தது. எடை குறையாமலே பலன் கிடைத்திருக்கிறது. ஒரு மாதம் நடந்துவிட்டு, எடை மெஷினில் ஏறிப் பார்த்து, ஒரு கிலோகூடக் குறையவில்லையே என்று விட்டுவிடும் சகோதரிகள் இதை நினைவில் வையுங்கள். அமெரிக்காவில் 2002-ல் வெளியான பெரிய ஆய்வில், வாரம் 150 நிமிட நடையும் ஏழு சதவீத எடைக் குறைப்பும் சேர்ந்து, சர்க்கரை நோய் வருவதை 58 சதவீதம் குறைத்தன. எடையும் குறைந்தால் நல்லதுதான். அதற்காகவே நடக்க வேண்டும் என்பதில்லை.

இனிப் பயிற்சிக்கு வருவோம்.

எத்தனை நேரம்? வாரத்துக்கு 150 நிமிடம். தினம் அரை மணி வீதம் ஐந்து நாள் என்று பிரித்துக்கொள்ளலாம். எத்தனை வேகம்? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. கடைத்தெருவில் துணி பார்த்துக்கொண்டே நடப்பது இந்தக் கணக்கில் வராது. நிமிடத்துக்கு நூறு அடி என்பது ஓரளவு சரியான வேகம். கடிகாரத்தை வைத்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். உம்ராவுக்குப் போய்வந்தவர்களுக்கு ஓர் அளவு சொல்கிறேன். ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே சுமார் 450 மீட்டர். ஏழு முறை என்றால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். ஊரில் தெருமுனைக்கே ஆட்டோ பிடித்தவர்கள் அங்கே அதை முடித்துவிட்டுத்தான் வருகிறார்கள். முடியாது என்பது பெரும்பாலும் பழக்கம் இல்லாததுதான்.

அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைக்காதவர்களுக்கு நல்ல செய்தி. நியூசிலாந்தில் 41 சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில், ஏதாவது ஒரு நேரத்தில் 30 நிமிடம் நடப்பதைவிட, மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் நடந்தது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரையைச் சராசரியாக 12 சதவீதம் கூடுதலாகக் குறைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பலன் இன்னும் அதிகம். நம் வீடுகளுக்கு இது மிகவும் பொருந்தும். இஷாவுக்குப் பிறகு ஒன்பதரைக்குச் சாப்பிட்டு, பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு நேரே பாய்க்குப் போகிறோம். இடையில் பத்து நிமிடம் மாடியில் நடந்தால் போதும். மாடி இல்லாதவர்கள் கூடத்திலிருந்து அடுப்படி வரை போய் வாருங்கள். ஆயிரம் அடி ஆகும்வரை போனைக் கையில் எடுக்காதீர்கள்.

நடை மட்டும் போதாது. குளுக்கோஸை அதிகம் வாங்கிக்கொள்ளும் இடம் தசை என்று மேலே சொன்னேன். முப்பது, நாற்பது வயதுக்குப் பிறகு அந்தத் தசை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே போகிறது. மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் வேகமாகக் குறைகிறது. தசையைக் காப்பாற்ற பாரம் வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்துப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஜிம் தேவையில்லை. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு சாய்த்துப் போட்டு, கைகளை நெஞ்சின் மேல் கட்டிக்கொண்டு பத்து முறை எழுந்து உட்காருங்கள். எழுவதைவிட மெதுவாக உட்காருவதுதான் முக்கியம். தொப்பென்று விழக்கூடாது. பிறகு சுவரிலிருந்து ஒரு கை தூரத்தில் நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் பதித்து, முழங்கையை மடக்கி நெஞ்சைச் சுவரருகே கொண்டுபோய்த் திரும்பத் தள்ளுங்கள், பத்து முறை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டை நிரப்பினால் ஆளுக்கொரு கிலோ. கைக்கு ஒன்றாகப் பிடித்து முழங்கையை மடக்கித் தூக்குங்கள், பிறகு தோளுக்கு மேல் தூக்குங்கள். தோசை வேகும் நேரத்தில் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று செய்யலாம். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். இரண்டு வாரத்தில் பத்து முறை சுலபமாகிவிட்டால் பன்னிரண்டாக்குங்கள், பிறகு பதினைந்து. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சிரமமே இல்லையென்றால் தசைக்கு அது பயிற்சி இல்லை.

இன்னொன்று, உட்காரும் நேரம். காலையில் நடந்துவிட்டு, பகல் முழுக்கத் தையல் மெஷின் முன்போ சீரியல் முன்போ அசையாமல் இருந்தால் நடந்ததன் பலன் குறைகிறது. அரை மணிக்கொரு முறை எழுந்து மூன்று நிமிடமாவது நடமாடுங்கள்.

முகாமில் கேட்கப்பட்ட இரண்டு கேள்விகள். “வீட்டு வேலையே நாள் முழுக்க இருக்கே, அது பயிற்சி இல்லையா?” நம் உம்மாமார்கள் கிணற்றில் இறைத்தார்கள், அம்மியில் அரைத்தார்கள், ஆட்டுக்கல்லில் மாவாட்டினார்கள். அது பயிற்சிதான். இன்று மிக்ஸி, கிரைண்டர், மோட்டார், வாஷிங் மெஷின். வேலை குறையவில்லை, களைப்பும் குறையவில்லை, ஆனால் நெஞ்சுத் துடிப்பை ஏற்றும் அசைவு குறைந்துவிட்டது. அடுப்படியில் மணிக்கணக்காக நிற்பது கால் வலிக்குக் காரணமாகுமே தவிர நடைக்கு ஈடாகாது. நீங்களே குனிந்து வீடு முழுக்கத் துடைத்தால் அதைக் கணக்கில் சேருங்கள்.

இரண்டாவது, “ஐந்து வேளை தொழுகிறோமே, அது போதாதா?” தொழுகை இபாதத். அதற்கு உடற்பயிற்சி என்று தனிக் காரணம் தேடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நின்று, குனிந்து, அமர்ந்து எழுவதால் மூட்டுக்கும் தசைக்கும் நன்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 150 நிமிட வேகநடைக்கு அதை மாற்றாகச் சொல்ல முடியாது. ரமளானில் மட்டும் கொஞ்சம் வேறுபாடு. தராவீஹ் நீண்ட தொழுகை என்பதால் அதை அன்றைய உடலுழைப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் ரமளான் வழிகாட்டியே சொல்கிறது. நோன்பு திறக்கும் முன் கடைசி மணி நேரத்தில் கடினமான பயிற்சி வேண்டாம். நோன்பு திறந்த பிறகு நடங்கள். கஞ்சியோடு சம்சாவும் வடையும் எத்தனை என்பதை நான் கேட்கவில்லை.

எச்சரிக்கைகளைக் கவனமாகப் படியுங்கள். இன்சுலின் ஊசி போடுபவர்கள், கிளிமெபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக்கூடாது. சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, கண் இருட்டல் வந்தால் உடனே உட்கார்ந்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடியுங்கள், வீட்டில் உள்ளவர்களைக் கூப்பிடுங்கள். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. பாதம் மரத்துப் போனவர்கள் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. நடந்து வந்ததும் பாதத்தைக் கண்ணாடியில் பாருங்கள். ராத்தாவுக்குப் புண் வந்தது ஒரு சின்னக் கல் குத்தி, அது அவருக்குத் தெரியவே இல்லை. கண்ணில் ரத்தக்கசிவு என்று சொல்லப்பட்டவர்கள், கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், தாடை அல்லது தோளில் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வந்தால் வாயுப் பிடிப்பு என்று இஞ்சிக் கஷாயம் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெண்களுக்கு மாரடைப்பு பல சமயம் இப்படித்தான் காட்டும்.

உடை பற்றி ஒரு வார்த்தை. புர்காவின் விளிம்பு தரையைக் கூட்டிக்கொண்டு வந்தால் தடுக்கி விழுவீர்கள். கணுக்கால் அளவில் தைத்துக்கொள்ளுங்கள். குதி உயர்ந்த செருப்பு வேண்டாம், பின்பக்கம் பிடிப்புள்ள கேன்வாஸ் ஷூ நல்லது.

நடக்க இடம் எங்கே என்பதுதான் பலருக்கும் உண்மையான தடை. இதைக் கமிட்டியில் வைத்தேன். கல்யாணம் இல்லாத நாட்களில் நம் மண்டபம் பூட்டித்தான் கிடக்கிறது. பெண்களுக்குத் திறந்துவிடலாம் என்றபோது இரண்டு பெரியவர்கள் தயங்கினார்கள். நபி (ஸல்) அவர்களோடு அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் இருப்பதை இன்னொரு பெரியவர் எடுத்துச் சொன்னார். முதல் முறை அன்னையார் முந்தினார்கள், பிறகு உடல் பருத்த காலத்தில் நபியவர்கள் முந்தினார்கள். அதற்குமேல் விவாதம் நீளவில்லை. காலை ஆறு மணிக்குத் திறப்பது என்று ஆண்களாகிய நாங்கள் முடிவெடுத்தோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில் யார் வருவார்கள் என்று என் மனைவி கேட்ட பிறகுதான் நேரத்தை மாற்றினோம்.

வரும் பிறை முதல், வெள்ளிக்கிழமையும் கல்யாண நாட்களும் தவிர, தினமும் காலை பத்தரை முதல் பதினொன்றரை வரையும், அஸருக்குப் பிறகு மஃரிப் பாங்குக்கு அரை மணி முன்பு வரையும் மண்டபம் பெண்களுக்கு மட்டும் திறந்திருக்கும். உள்ளே ஆண்கள் யாரும் இருக்க மாட்டார்கள். காவலர் வெளி கேட்டில் இருப்பார். மண்டபத்தை நீளவாக்கில் போய்த் திரும்பினால் எத்தனை அடி என்பதைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். கைப்பிடி இல்லாத நாற்காலிகள் பத்துப் போட்டிருக்கிறோம். முதல் நாள் வருபவர்களுக்கு இரத்த அழுத்தமும் இடுப்பளவும் பார்த்து அட்டையில் குறித்துக் கொடுக்க ஒரு செவிலியர் சகோதரி ஒப்புக்கொண்டிருக்கிறார். சாப்பிட்டுவிட்டு வாருங்கள். தண்ணீர் பாட்டில் இரண்டு, ஷூ, மாத்திரைச் சீட்டு கொண்டு வாருங்கள். கட்டணம் இல்லை. சாவி பெண்கள் மதரஸா ஆசிரியையிடம் இருக்கும். முதல் நாள் திறப்பதற்கு என் ராத்தா வருகிறார். நாற்காலிப் பயிற்சியை அவரும் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

வஸ்ஸலாம்.
செயலாளர்